எழுதாமல் விட்டால் நடக்காததாகிவிடுமா, அதிபர் சேர்?

எங்கள் துண்டுப்பிரசுரத்துக்கு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் ஊவாவின் சிறுவர்களுக்கு நேர்ந்த கைது, தடுப்பு, கொலை, ஆட்கடத்தல், படிப்பு இழப்பு எல்லாவற்றையும் முறையான ஒரு தகவல் திரட்டாகத் தொகுக்க வேண்டும். லுணுகலையில் தொடங்கி மடுல்சீமை, பசறை என்று தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும். அதற்கு நாலு பேர் கை கொடுங்கள் என்றோம். அவர் நாலு பக்கத்தில் கை கழுவியிருக்கிறார்.

மரியாதையோடுதான் வாசித்தேன். போர் நடந்தது வடக்கிலும் கிழக்கிலும், தோட்டத்துப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார். சிறுவர் உரிமைக் கண்காணிப்பு என்பது வெளிநாட்டுக்காரன் விரித்த வலை என்கிறார். அதில் வருகிற எண்ணெல்லாம் ஊதிப் பெருக்கியவை; பேரை எழுதி வைத்ததால் எந்தப் பிள்ளையும் வீடு திரும்பியதில்லை; முடிவாக, ஆறிய புண்ணைக் கிளறாதீர்கள் என்கிறார். போர் நமக்கு எட்டவே இல்லை என்றால் கிளறுவதற்குப் புண் எங்கிருந்து வந்தது என்று நான்கு பக்கம் எழுதும்போது ஓரிடத்திலாவது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு மாணவன் இப்படி முன்னுக்குப் பின் முரணாக எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்.

‘போர் இங்கே நடக்கவில்லை’ என்பதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ என்று ஓர் இடம் இருக்கிறது. லுணுகலையும் அதுவும் ஒரே பதுளை மாவட்டம். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, அங்கிருந்த புனர்வாழ்வு நிலையத்துக்குள் பெருங்கும்பல் ஒன்று கத்தியும் பொல்லும் தீப்பந்தமுமாகப் புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் 41 தமிழ் இளைஞர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை முதல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள் வரை. புலிகள் என்ற சந்தேகத்தில் பிடிபட்டவர்களும் தாங்களாகவே சரணடைந்தவர்களும் அதில் அடக்கம். சிறுவயதில் இயக்கத்துக்குப் போய், பின்பு அதிலிருந்து விலகி, அரசாங்கத்தை நம்பிக் கையைத் தூக்கியவர்களும் இருந்தார்கள். முந்திய நாள் மாலை, விடுதலை இழுபடுகிறது, கடிதங்கள் வந்து சேர்வதில்லை என்று நிலையப் பொறுப்பாளரோடு அவர்கள் முரண்பட்டார்கள். அது இரவுக்குள் ஊருக்குள் வேறு கதையாகப் பரவியது. விடிந்ததும் 27 பேரைக் கொன்றார்கள். சுற்றி அறுபது பேரளவில் ஆயுதம் தாங்கிய பொலிஸார் நின்றார்கள். கும்பலை அவர்கள் தடுக்கவில்லை.

அதிபர் சேருக்கு இது தெரியாததல்ல. அந்த நாட்களில் மலையகம் கொதித்தது. தலவாக்கலையில் ஆர்ப்பாட்டம் கலவரமாகி உயிர் போனது, ஊரடங்கு போட்டார்கள். பாடசாலைகள் எப்படி நடந்தன என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார். ஆனால் கட்டுரையில் பிந்துனுவெவ என்ற பெயரே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இது அதையும் மிஞ்சியது. சோற்றுப் பானையையே மறைத்திருக்கிறார்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம், நமக்கு வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழு போய் விசாரித்தது. நீதியரசர் குலதிலக தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை ஜனாதிபதியிடம் போனது, மக்களுக்குப் பல வருடங்கள் வந்து சேரவில்லை. 41 பேர் மீது கொழும்பில் வழக்கு நடந்தது. 2003 ஜூலையில் ஐந்து பேருக்கு மரண தண்டனை, அதில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எல்லாரும் விடுதலை. இருபத்தேழு சாவு, தண்டனையில் ஒருவரும் இல்லை. இவ்வளவும் ஊருக்குத் தெரிந்த கதை.

இனி ஊருக்குத் தெரியாததைக் கேட்கிறேன். அந்த 27 பேரில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் எத்தனை பேர்? எந்த வயதில், யாரால், எந்த ஊரிலிருந்து அவர்கள் இயக்கத்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள்? சரணடைந்தபின் எத்தனை மாதம் அடைத்து வைக்கப்பட்டார்கள், எந்தச் சட்டத்தின் கீழ்? தாய் தகப்பனுக்கு அறிவித்தது யார்? பண்டாரவளையில் நின்று கேட்டுப் பாருங்கள், சட்டத்தரணியைக் கேளுங்கள், கட்சிக்காரரைக் கேளுங்கள். கைவிரிப்பார்கள். வழக்கில் அவர்கள் சந்தேகநபர்கள். பத்திரிகையில் புலி உறுப்பினர்கள். தெருவில் ‘கொட்டியா’. பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்க எவரிடமும் ஒரு பத்தி இருக்கவில்லை. எண்ணப்படாத பிள்ளையின் பேரில் யாரும் யாரையும் கேள்வி கேட்கவும் இல்லை.

தோட்டத்தில் ஒரு பெண் பறித்த கொழுந்து எத்தனை கிலோ, அதில் ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழித்தது என்று தலைமுறை தலைமுறையாக செக்ரோலில் எழுதி வைத்த மண் இது. அரைக் கிலோ தவறாது. அவள் பெற்ற பிள்ளையைச் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோனால் மட்டும் எழுத ஏடு கிடையாது. எழுதத்தான் வேண்டுமா என்று வேறு நாலு பக்கத்துக்குக் கேள்வி வருகிறது.

பிந்துனுவெவ ஒன்றுதானே என்பாரோ? ஊவாவின் மற்ற மாவட்டத்தைப் பார்க்கட்டும். 2008 ஜனவரி 16, போர்நிறுத்த உடன்படிக்கை முறைப்படி முடிவுக்கு வந்த அதே நாள், மொனராகலை மாவட்டத்தின் புத்தளவில் பயணிகள் பஸ்ஸைக் கண்ணிவெடியில் சிக்கவைத்து, தப்பி இறங்கியவர்களையும் சுட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் சிங்களக் கிராமத்துச் சனம். பழி புலிகள் மேல் விழுந்தது. எங்கள் துண்டுப்பிரசுரத்தில் அந்தச் சம்பவமும் இருந்தது, அதிபர் சேர் கண்ணில் அது படவில்லை போலும். 1989இல் அயல் மாவட்டமான இரத்தினபுரியில் எம்பிலிப்பிட்டிய பாடசாலைப் பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டுக் காணாமல் போனதையும் அவர் மறந்திருக்க மாட்டார். அந்தப் பிள்ளைகள் சிங்களப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் பட்டியல் எழுதி, பட்டியலைச் சுமந்து அலைந்தார்கள். அதனால்தான் 1999இல் ஒரு பாடசாலை அதிபரும் இராணுவத்தினரும் குற்றவாளிகளாகத் தீர்ப்பாகிச் சிறை போனார்கள். ஏடு இருந்த இடத்தில் ஒரு தீர்ப்பாவது மிஞ்சியது.

பூகோளத்தையும் கொஞ்சம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. லுணுகலை நகரத்தின் நடுவே ஓடுகிற வீதிக்கு ஏ-5 என்று பெயர். அதிலேயே போனால் பிபிலை, மகாஓயா, அடுத்து செங்கலடி. செங்கலடி என்றால் மட்டக்களப்பு. 2004இல் கருணா புலிகளிலிருந்து பிரிந்தபின், 2006இல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன வெள்ளை வான்கள் ஓடித் திரிந்த மாவட்டம் அதுதான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் கிழக்கில் கடைகளிலும் வயல்களிலும் வேலைக்குப் போனதும் அந்த வீதியில்தான். வேறு உலகம் என்று எழுதியிருக்கிறாரே, பஸ்ஸில் ஒரு டிக்கெட் தூரம் அது.

வடக்கும் அப்படித்தான். 1977இலும் 1983இலும் அடிபட்டு, பதுளை, பசறை, ஹட்டன் பக்கங்களிலிருந்து சட்டி பானையோடு கிளம்பிய குடும்பங்கள் எங்கே போயின? வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் என்று காடு வெட்டிக் குடியேறின. காணி உறுதி இல்லை, செல்வாக்கு இல்லை, வெளிநாட்டில் உறவு இல்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டபோது பிள்ளையைக் கொழும்புக்கோ கனடாவுக்கோ அனுப்பிவைக்கும் வசதி அவர்களிடம் இருக்கவில்லை. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், அதிபர் சேர்? லுணுகலையில் லயத்தில் பிறந்து வன்னியில் பங்கருக்குள் முடிந்த பிள்ளை ‘வடக்குப் பிள்ளை’ ஆகிவிட்டதா?

அடுத்தது, வெளிநாட்டுக்காரன் வலை. 2005 ஜூலை 26ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 1612ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயுத மோதலில் சிறுவர் மீதான ஆறு பாரதூரமான மீறல்களைக் கண்காணித்து அறிக்கையிடும் பொறிமுறையை அது உருவாக்கியது. கொலையும் அங்கவீனமும், படைக்குச் சேர்த்தல், பாலியல் வன்முறை, கடத்தல், பாடசாலை வைத்தியசாலைத் தாக்குதல், மனிதாபிமான உதவியை மறித்தல் ஆகியவை அந்த ஆறு. முதல் கட்டத்திலேயே இலங்கையும் அதில் வந்தது. 2006 முதல் 2012 வரை அந்தத் துறையில் செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியாக இருந்தவர் ராதிகா குமாரசுவாமி, இலங்கைத் தமிழ்ப் பெண். சிறுவரைப் படைக்குச் சேர்ப்பதைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது 2006இல் நமது பாராளுமன்றம். சிறுவர் படைச்சேர்ப்புக்கு எதிரான விருப்பு நெறிமுறையை 2000ஆம் ஆண்டிலேயே ஏற்றுக் கையொப்பமிட்டதும் நமது அரசாங்கம்தான். வலையை விரித்தவர்கள் இவர்கள் என்றால், அதிபர் சேர் எந்த நாட்டுக்காரர்?

அந்தப் பொறிமுறை தரையில் எப்படி நடந்தது என்று அவர் ஒருமுறை பார்த்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. மட்டக்களப்பில் ஒரு தாயின் மகனைத் தெருவில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். அவள் முதலில் போவது பொலிஸுக்கு. பல இடங்களில் முறைப்பாட்டை எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் ‘இனந்தெரியாதோர்’ என்றுதான் எழுதுவார்கள். தூக்கியவர்களின் முகாம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். அடுத்து அவள் யுனிசெஃப் அலுவலகத்துக்குப் போகிறாள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பாடசாலை, வகுப்பு. எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில், வந்தவர்கள் சீருடையா சாதா உடையா, வாகனம் என்ன நிறம். யார் கண்டது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி. அவள் சொன்னது மட்டும் போதாது. அவளோடு சம்பந்தமில்லாத வேறொருவரிடம் கேட்டு உறுதியானால்தான் அது உறுதிப்படுத்தப்பட்ட சம்பவமாக ஏறும். பெயர் வெளியே போகாது, சம்பவத்துக்கு ஓர் இலக்கம்தான் போகும். அந்த இலக்கங்கள் கொழும்பில் சேர்ந்து, நியூயோர்க்கில் செயலாளர் நாயகத்தின் அறிக்கையாகி, பாதுகாப்புச் சபையின் செயற்குழு மேசைக்குப் போகும். அவ்வளவுதான் அந்தச் சதி. தாய்மார் வரிசையில் நின்று நடத்திய சதி.

2006 நவம்பரில் விசேட பிரதிநிதியின் ஆலோசகராக வந்த அலன் ரொக், கருணா அணியின் சிறுவர் கடத்தலுக்குப் பாதுகாப்புப் படையினரில் சிலரின் ஒத்தாசை இருந்தது என்று பகிரங்கமாகச் சொன்னார். அரசாங்கம் குதித்தது. ஆனாலும் விசாரிப்பதாகச் சொல்ல வேண்டி வந்தது. அவர் வெறும் வாயோடு வந்து அதைச் சொல்லவில்லை, அந்தத் தாய்மாரின் படிவங்கள் கையில் இருந்தன.

எண்கள் ஊதிப் பெருக்கியவையா? 2003 முதல் 2008 இறுதி வரை புலிகள் சேர்த்த சிறுவர்கள் என்று யுனிசெஃப் பதிந்தது 6,000க்கு மேல். இது பெருக்கிய எண் என்கிறார் அதிபர். உண்மை நேர்மாறானது. இயக்கத்திலிருந்து விடுபட்டு வீடு வந்த பிள்ளைகளைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது பெரும்பாலானோரின் பெயர் பட்டியலில் முன்பு இருந்ததே இல்லை. பெற்றோர் பயந்து சொல்லாமல் விட்ட பிள்ளைகள் அவ்வளவு பேர். ஆகக்குறைந்த எண்தான் ஏட்டில் ஏறியது. செஞ்சோலையையும் நினைத்துப் பாருங்கள். 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி விமானப்படை அங்கே குண்டு போட்டது. செத்தவர்கள் 61 மாணவிகள் என்றார்கள் புலிகள். யுனிசெஃப் முதல் தகவலில் 51 என்றது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு தன் கண்ணால் எண்ணியது 19 உடல்கள். மாணவிகளே இல்லை, பயிற்சி பெற்ற புலிகள் என்றது அரசு. இந்த நாலு குரலுக்கு நடுவில் எது மெய் என்று ஒரு நாள் சொல்ல வேண்டுமானால் என்ன தேவை? பதிவேடு தேவை. எண்ணில் சந்தேகம் இருக்கிறவர்தான் முதல் ஆளாகப் பதிவேட்டை ஆதரிக்க வேண்டும். ‘எண் தப்பு, அதனால் எண்ணாதே’ என்பது கணக்கு வாத்தியார் ஒருவரின் வாயில் வரக்கூடாத பேச்சு. அவர் கற்பித்த பாடம் கணக்கு என்று எனக்குத் தெரியும்.

பேரை எழுதி வைத்து யார் திரும்பி வந்தார்கள் என்கிறார். கோபம் எனக்கு அதிகம் வந்தது இங்கேதான். 2008 டிசம்பரில் கருணா பிரிவின் கட்சியான தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள், அரசாங்கம், யுனிசெஃப் மூன்றும் ஒரு செயற்திட்டத்தில் கையெழுத்திட்டன, சிறுவரை விடுவிப்பதற்காக. தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட ஒரு கட்சிக்கு, சிறுவரைப் படைக்குச் சேர்ப்போரின் ஐ.நா. பட்டியலில் தன் பெயர் கிடப்பது முள்ளாகக் குத்தியது. ‘உங்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்களாமே’ என்று பொதுவாகக் கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று முடித்திருப்பார்கள். இன்ன பிள்ளை, இன்ன ஊர், இன்ன நாள் என்று கேட்கப்பட்டது. 2012இல் அந்தக் கட்சி பட்டியலிலிருந்து நீங்கியது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபின் சரணடைந்த 594 சிறுவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு, 364 பையன்கள், 230 பெண்பிள்ளைகள், புனர்வாழ்வு முடிந்து வீடு அனுப்பப்பட்டார்கள். பெரியவர்களோடு சேர்த்து அடைக்காமல் விட்டதில் முன்னைய ஆண்டுகளின் கண்காணிப்புக்கும் பங்கு உண்டு. பிந்துனுவெவவில் பதினான்கு வயதையும் இருபத்துமூன்றையும் ஒரே கூரையின் கீழ் அடைத்த நாடுதான் இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நேபாளத்தில் இன்னும் துலக்கமாக நடந்தது. மாவோவாதிகளின் முகாம்களில் இருந்தவர்களை ஐ.நா. ஒவ்வொருவராகச் சரிபார்த்தது. 1988 மே 25க்குப் பின் பிறந்தவரா என்பது ஒரு முக்கிய கேள்வி. அந்தக் கேள்வியில் 2,973 பேர் சிறுவர் என்று தேறி 2010 ஜனவரி தொடக்கம் வெளியே விடப்பட்டார்கள். துப்பாக்கி தூக்கிய கை எத்தனை வயதுடையது என்று நிரூபிக்க ஒரு பிறந்த திகதி போதுமாக இருந்தது.

பிறந்த திகதி என்றதும் நம் கதைக்கு வர வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர் குடியுரிமையைப் பறித்தது. மிச்சம் மீதியைச் சீர்செய்ய 2003 வரை காத்திருந்தோம். இடையில் எத்தனை பிள்ளைகள் பிறப்பத்தாட்சிப் பத்திரமே இல்லாமல் வளர்ந்தார்கள்! அடையாள அட்டை எடுக்கப் போனால் பிறப்புப் பதிவு எங்கே என்பார்கள், பிறப்புப் பதிவுக்குப் போனால் தாயின் பத்திரம் எங்கே என்பார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போன பதினாறு வயதுப் பையன் சாவடியில் மாட்டினால் கையில் அட்டை இல்லை, அட்டை இல்லாத தமிழன் என்றால் அவசரகாலச் சட்டம் அல்லது பயங்கரவாதத் தடைச் சட்டம். அவன் சிறுவன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவனுடையது, நிரூபிக்கும் தாள் அவனிடம் கிடையாது. வடக்கில் ஒரு பிள்ளை சிறுவனா என்ற கேள்விக்குக் குறைந்தபட்சம் யுனிசெஃப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. மலையகத்துப் பையன் மீசை அரும்பியதும் பெரியவனாகக் கணக்கிடப்பட்டான். போர் நம் பிள்ளைகளைத் தொட்டது என்பதற்குத் துப்பாக்கிச் சூட்டை மட்டும் தேடுகிறவருக்கு இது புரியாதுதான்.

ஐ.நா.வுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அதிபர் சேர் கோட்டைவிட்ட நல்ல வாதங்கள் சில உண்டு. அவர் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். 2009இல் போரின் கடைசி மாதங்களில் கொழும்பிலிருந்த ஐ.நா. குழு சாவுகளைக் கணக்கெடுத்து வைத்திருந்தது: 2008 ஓகஸ்ட் தொடக்கம் 2009 மே 13 வரை 7,721 பேர். அந்த எண்ணை உரிய நேரத்தில் உலகத்துக்குச் சொல்லவில்லை. பின்பு 2012இல் சார்ள்ஸ் பெற்ரியின் உள்ளக ஆய்வு அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2016இல் யேமனில் பிள்ளைகளைக் கொன்றதற்காகப் பட்டியலில் ஏறிய சவூதித் தலைமையிலான கூட்டணியை, நிதியை நிறுத்துவோம் என்ற மிரட்டல் வந்ததும், அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் பட்டியலிலிருந்து எடுத்தார், அதைத் தானே ஒப்புக்கொள்ளவும் செய்தார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் கொங்கோவின் தோமஸ் லுபாங்கா 2012இல் சிறுவர் படைச்சேர்ப்புக்காகக் குற்றவாளியாகத் தீர்ப்பானபோதும், இடைத்தரகர் மூலம் வந்த சாட்சிகள் பலரை நீதிபதிகள் நம்ப மறுத்தார்கள். இவை மூன்றும் கசப்பான உண்மை. மூன்றிலும் பழுது எங்கே என்று பாருங்கள். எண்ணி வைத்துச் சொல்லாமல் விட்டது, எழுதிய பிறகு அழித்தது, எழுதும்போது தரகரை நம்பியது. எழுதியதால் வந்த கேடு இதில் ஒன்றுகூட இல்லை. ஏட்டைத் தன் கையில் வைத்திருக்கும் சமூகத்துக்கு ஐ.நா. செயலாளர் நாயகத்தின் தைரியம் தேவைப்படாது. அதற்குத்தான் லுணுகலையில் தொடங்குகிறோம்.

ஒரு வாதத்துக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். புண்ணைக் கிளறுவது என்ற போர்வைக்குள் அவர் சொல்ல வந்ததில் ஒரு மெய்யான பயம் இருக்கிறது. இந்த விவரங்கள் புலனாய்வுக்காரர் கையில் போனால்? முன்பு பிடிபட்டு வெளியே வந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகுட்டியோடு வாழ்கிறவனின் வீட்டுக் கதவை மறுபடி தட்டினால்? ஊர் அவனைப் பழைய கண்ணால் பார்க்கத் தொடங்கினால்? இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நான் தள்ளமாட்டேன். ஆகவே யார் கேட்கிறார், எங்கே வைக்கிறார், யாரிடம் சாவி என்பது முதல் கேள்வி. பெயர் ஓரிடத்திலும் சம்பவம் வேறிடத்திலும் இருக்க வேண்டும், நடுவில் இலக்கம் மட்டும் பாலமாக இருக்க வேண்டும். சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் எழுதக்கூடாது, சம்மதித்தவர் நாளைக்கு மனம் மாறினால் அழிக்க வேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதை நம்பி மட்டும் தூங்கக்கூடாது. பெட்டகத்தை ஒரு கட்சியிடமும் கொடுக்கக்கூடாது, தொழிற்சங்கத்திடமும் கூடாது. இதையெல்லாம் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தோம். அதிபர் தாளைத் திருப்பவில்லை.

ஆனால் புண் ஆறிவிட்டது என்பதை யார் சொல்வது? 2009 இறுதியில் வவுனியாவில் குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவு யுனிசெஃப் ஆதரவோடு திறக்கப்பட்டது. 2011 நடுப்பகுதி வரை அங்கே 2,564 விண்ணப்பங்கள், அதில் 676 சிறுவர்களைத் தேடி வந்தவை. யாரும் அவர்களை வீடு தேடிப்போய்க் கிளறவில்லை. பஸ் ஏறி, வரிசையில் நின்று, பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களாகவே வந்தார்கள். பதுளையில் அப்படி ஒரு மேசை போட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? மேசையே போடாமல், வந்தவர் எவருமில்லை, ஆகவே புண் ஆறிவிட்டது என்று தீர்ப்பு எழுதுவது நல்ல வைத்தியம்தான். நோயாளியைப் பார்க்காத வரை நோய் கிடையாது.

உலகத்தில் இது ஓய்ந்த கதையும் அல்ல. 2024ஆம் ஆண்டில் மட்டும் ஐ.நா. உறுதிப்படுத்திய பாரதூரமான மீறல்கள் 41,370. காஸா, கொங்கோ, சோமாலியா, நைஜீரியா, ஹெயிட்டி என்று நீள்கிறது. அந்த எண்களை எண்ணுகிற முறையை முதலில் பரீட்சித்துப் பார்த்த நாடுகளில் ஒன்று இலங்கை. அந்த முறைக்கு வெளியே விடுபட்ட மாவட்டங்களில் ஒன்று நமது மாவட்டம்.

கடைசியாக அதிபர் சேருக்கு ஒரு வேண்டுகோள். பதிவேடு பயனற்றது என்று எழுதியவர் முப்பது வருடம் தினமும் காலையில் இடாப்புக் கூப்பிட்டவர். அவர் வேலை பார்த்த பாடசாலைகளின் சேர்வு இடாப்பில் பிறந்த திகதி இருக்கிறது, தகப்பன் பேர் இருக்கிறது, தோட்டத்தின் பிரிவு இருக்கிறது, விலகிய திகதியும் காரணமும் எழுத ஒரு பத்தி இருக்கிறது. சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பாடசாலை மூடப்பட்ட நாட்கள் இருக்கின்றன. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாத ஒரு பையன் அன்று சிறுவன்தான் என்று நிரூபிக்க லுணுகலையில் மிஞ்சியிருக்கும் ஒரே தாள் அதுவாக இருக்கலாம். கறையான் தின்னுமுன், 1983 முதல் 2009 வரையான அந்த இடாப்புகளைப் பார்வையிட வலயக் கல்விப் பணிமனைக்கு நாங்கள் எழுதும் கடிதத்தில் முதல் கையெழுத்தை அவர் போடட்டும். பதில் கட்டுரையை அதற்குப் பிறகு சாவகாசமாக எழுதலாம்.